வெட்ட முடிந்ததை வெட்டினார்கள்: ஈரி கவுன்டி பட்ஜெட்டில் ஒரு கல்லூரியும் சில நாடக அரங்குகளும்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது ஈரி கவுன்டி. தலைநகர் பஃபலோ. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 9,54,236. கவுன்டி என்றதும் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே ஆட்சியரை மேலிருந்து யாரும் நியமிப்பதில்லை. கவுன்டி நிர்வாகியை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் போடும் பட்ஜெட்டை அலசுவதற்குத் தனியாக ஒரு கவுன்டி சட்டமன்றம் இருக்கிறது. வரி போடும் உரிமையும் கவுன்டிக்கு உண்டு.

இந்தக் கவுன்டி ஏழு ஆண்டு இடைவெளிக்குள் இரண்டு பட்ஜெட் சண்டைகளைப் பார்த்தது. முதலாவது 2004-05இல், இரண்டாவது 2010-11இல். இரண்டிலும் பற்றாக்குறையை உண்டாக்கியவை வேறு எங்கோ இருந்தன. கத்தி விழுந்தது நூலகங்கள் மீதும் பூங்காக்கள் மீதும் நாடகக் குழுக்கள் மீதும். கவுன்டி நடத்தும் சமுதாயக் கல்லூரி மட்டும் கத்தியிலிருந்து பெரும்பாலும் தப்பியது. தப்பியதற்கு ஒரு விலையும் கொடுத்தது. ஏன் அப்படி நடந்தது என்பதைப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

பணம் எங்கே போகிறது

ஈரி கவுன்டியின் ஆண்டு பட்ஜெட் நூறு கோடி டாலரைத் தாண்டிய ஒன்று. அதைப் பார்க்கும் யாருக்கும், "இவ்வளவு பணத்தில் ஒரு நாடகக் குழுவுக்குச் சில ஆயிரம் டாலர் கொடுக்க முடியாதா?" என்றுதான் தோன்றும். பொதுக் கூட்டங்களில் மக்கள் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்தத் தொகையில் மிகப் பெரும்பகுதி கவுன்டியின் கையில் இல்லை. மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் "நீ கட்டியே ஆக வேண்டும்" என்று சொல்லும் கட்டாயச் செலவுகள் அவை: ஏழைகளுக்கான உதவித்தொகை, குழந்தைப் பாதுகாப்பு, சிறைச்சாலை, ஓய்வூதியப் பங்களிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மெடிகெய்டு.

மெடிகெய்டு என்பது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசும் மாநில அரசும் அதன் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. நியூயார்க்கிலோ, திட்டம் தொடங்கிய 1966 முதலே, மாநிலம் தன் பங்கில் ஒரு பெரிய துண்டை கவுன்டிகளின் தலையில் கட்டியது. 2005 வரை சாதாரண மருத்துவச் செலவில் மாநிலப் பங்கின் பாதி கவுன்டியுடையது. யாருக்குக் காப்பீடு, என்னென்ன சிகிச்சை, மருத்துவமனைக்கு எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் முடிவாகும். பில் மட்டும் பஃபலோவுக்கு வரும்.

மெடிகெய்டுக்காக ஈரி கவுன்டி கட்டும் பங்கு பின்னாளில் ஆண்டுக்கு 20 கோடி டாலரைத் தாண்டியது. சமுதாயக் கல்லூரிக்குக் கவுன்டி கொடுத்தது 2010களில் ஏறக்குறைய 1.7 கோடியிலிருந்து 2 கோடி டாலருக்குள். கலை, கலாசார அமைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்தது ஐம்பது, அறுபது லட்சம் டாலர் அளவில். மெடிகெய்டு செலவு ஒரே ஆண்டில் ஐந்து சதவீதம் ஏறினால், அந்த ஏற்றம் மட்டுமே கலாசாரக் கணக்கு முழுவதையும் விழுங்கிவிடும்.

வருமானப் பக்கமும் இறுக்கமானது. சொத்து வரியும் விற்பனை வரியும்தான் இரண்டு தூண்கள். விற்பனை வரியில் முதல் 3 சதவீதத்தை 1977இல் போட்ட ஓர் ஒப்பந்தப்படி நகரங்கள், டவுன்கள், பள்ளி மாவட்டங்களோடு பங்கிட வேண்டும். கவுன்டிக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதற்கு மேலே போடும் கூடுதல் விகிதம்தான் உண்மையில் கவுன்டிக்குக் கைகொடுப்பது. அதற்கும் ஆல்பனியின் அனுமதி வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போய்ப் புதுப்பித்துக்கொண்டும் வர வேண்டும்.

கல்லூரிக்கு ஒரு பூட்டு

ஈரி சமுதாயக் கல்லூரி 1946இல் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க மாநிலம் திறந்த நிலையங்களில் ஒன்று அது. இப்போது மூன்று வளாகங்கள். ஒன்று பஃபலோ நகரின் நடுவில், 1901இல் திறந்த பழைய தபால் அலுவலகக் கட்டடத்தில். ஒன்று வடக்கே ஆம்ஹர்ஸ்ட் பக்கம், இன்னொன்று தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில். இரண்டு ஆண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம். நர்ஸ், மெக்கானிக், பல் சுகாதாரப் பணியாளர் என்று உள்ளூர் வேலைகளுக்கு ஆள் தயாராவது இங்கேதான்.

நியூயார்க்கின் சமுதாயக் கல்லூரிகளுக்குச் சட்டம் போட்ட ஆரம்பக் கணக்கு எளிமையானது: நடைமுறைச் செலவில் மாணவர் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு, மாநிலம் ஒரு பங்கு, கல்லூரிக்குப் பொறுப்பேற்ற கவுன்டி ஒரு பங்கு. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளுக்கு மாநிலம் 40 சதவீதம் வரை தரலாம் என்றும் சட்டம் சொன்னது. கட்டடம் கட்டினால் மாநிலம் பாதி, கவுன்டி தரப்பு பாதி. நடைமுறையில் மாநிலம் அந்த 40ஐ எட்டவே இல்லை. காலப்போக்கில் பல கல்லூரிகளில் மாணவர் கட்டணமே மூன்றில் பெரிய பங்காகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு துணை விதி. கவுன்டி தன் பங்களிப்பை மொத்தத் தொகையாகவோ மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்ற கணக்கிலோ, இரண்டில் ஒன்றிலாவது, முந்தைய ஆண்டு அளவில் வைத்திருக்க வேண்டும். குறைத்தால் மாநில உதவியும் அடிபடும். அதனால் கல்லூரிப் பணத்தில் கை வைக்க எந்தக் கவுன்டி நிர்வாகியும் இரண்டு முறை யோசிப்பார். பத்து டாலர் மிச்சம் பிடிக்கப் போய், ஆல்பனியிலிருந்து வர வேண்டியதையும் இழந்துவிட்டு நிற்க யாருக்கு ஆசை?

கல்லூரிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு, அது நாட்காட்டியில் இருக்கிறது. கவுன்டியின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும். பட்ஜெட் அக்டோபர் நடுவில் வரும், டிசம்பர் தொடக்கத்தில் நிறைவேறும். கல்லூரியின் நிதியாண்டோ செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. அதனால் கல்லூரியின் பட்ஜெட் கோடையிலேயே கவுன்டி சட்டமன்றத்துக்குத் தனியாக வந்து வாக்கெடுப்பு முடிந்துவிடும். டிசம்பர் பொதுக் கூட்டத்தில் நாற்பது பேர் மைக் முன் வரிசையில் நின்று மானியத்துக்காகக் கெஞ்சும் நேரத்தில் கல்லூரியின் தொகை எப்போதோ முடிவாகியிருக்கும்.

நாடகக் குழுவுக்கும் சிறு அருங்காட்சியகத்துக்கும் இந்த இரண்டும் கிடையாது. அவர்களுக்குக் கொடுப்பது வெறும் மானியம். கொடுக்காவிட்டால் எந்தச் சட்டமும் கேட்காது, எந்த மாநில உதவியும் குறையாது.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 'லாப நோக்கற்ற அமைப்புகள்' என்று எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவது பட்ஜெட் விவாதங்களில் வழக்கம். அது குழப்பத்தில்தான் முடிகிறது. மனநலச் சேவை, போதை மீட்பு, முதியோர் உணவு போன்ற வேலைகளைச் செய்யும் அமைப்புகள் கவுன்டியோடு ஒப்பந்தம் போட்டவை. கவுன்டி தானே செய்ய வேண்டிய வேலையை அவை செய்கின்றன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி மாநிலத்திடமிருந்தோ மத்திய அரசிடமிருந்தோ வந்து கவுன்டி வழியாகக் கடந்துபோவது. அவர்களின் கவலை பெரும்பாலும் விலைவாசி ஏறியும் ஒப்பந்தத் தொகை ஏறவில்லையே, பில் தாமதமாகிறதே என்பது. கலை அமைப்புகளின் கவலை அடுத்த ஆண்டு பட்டியலில் பெயர் இருக்குமா என்பது. இரண்டும் வேறு வேறு நோய்கள்.

சிவப்பும் பச்சையும்

2000 ஜனவரியில் ஜோயல் ஜியாம்ப்ரா கவுன்டி நிர்வாகியாகப் பதவியேற்றார். வந்த வேகத்தில் சொத்து வரியைச் சுமார் 30 சதவீதம் குறைத்தார். மக்களுக்குப் பிடித்தது. ஆனால் குறைத்த வரிக்கு ஈடாகச் செலவு குறையவில்லை. இடைவெளியை ஒருமுறை மட்டும் வரும் பணத்தால் அடைத்தார்கள். புகையிலை நிறுவனங்களுடனான வழக்குத் தீர்வில் பல ஆண்டுகளுக்கு வர வேண்டிய தொகையை 2000இல் கடன்பத்திரமாக்கி மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். 2004இல் கவுன்டி மருத்துவமனையைத் தனி நிறுவனமாகப் பிரித்து விட்டதிலும் ஒரு தொகை வந்தது. இப்படி வரும் பணம் அடுத்த ஆண்டு வராது. மெடிகெய்டு பில் வரும்.

2004 இலையுதிர் காலத்தில் கணக்கு முட்டியது. ஜியாம்ப்ரா வழக்கத்துக்கு மாறாக 2005க்கு இரண்டு பட்ஜெட்டுகளை மேசையில் வைத்தார். பச்சை பட்ஜெட்டில் விற்பனை வரி ஒரு சதவீதப் புள்ளி ஏறும், சேவைகள் தொடரும். சிவப்பு பட்ஜெட்டில் வரி ஏறாது, சேவைகள் சரியும். அந்தச் சிவப்புப் பட்டியலின் முன்வரிசையில் நூலகங்களும் பூங்காக்களும் கலாசார மானியங்களும் இருந்தன.

இது மக்களைப் பயமுறுத்த வைத்த பொம்மை என்று அப்போது பலர் சொன்னார்கள். ஓரளவு சரிதான். ஆனால் அந்தப் பட்டியலை வேறு எப்படி எழுதியிருக்க முடியும்? சட்டம் வெட்ட விடாததை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் நூலகமும் பூங்காவும் மேடையும்தான் மிஞ்சுகின்றன. பயமுறுத்த வேண்டும் என்று நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் பட்டியல் ஒன்றுதான்.

வரியைக் கூட்ட ஆல்பனியின் அனுமதி வேண்டும். அதைக் கேட்பதற்கே கவுன்டி சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது அன்றைய 15 உறுப்பினர்களில் 10 பேர் கை தூக்க வேண்டும். வரியை ஏற்றியவர் என்ற பெயரோடு தேர்தலுக்குப் போக யாரும் தயாராக இல்லை. தேவையான வேளையில் அந்தப் பத்து கிடைக்கவில்லை. 2005 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு வந்தது. அந்த நெருக்கடியின் முடிவில், 52 கிளைகள் இருந்த பஃபலோ-ஈரி கவுன்டிப் பொது நூலகம் 37 கிளைகளாகச் சுருங்கியது. மூடிய கிளைகள் பிறகு திறக்கப்படவில்லை. ஓர் ஆண்டு நெருக்கடியில் வெட்டியது நிரந்தரமாகிப் போவதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

2005 ஜூலையில் மாநிலம் தலையிட்டது. ஈரி கவுன்டி நிதி நிலைத்தன்மை ஆணையம் என்று ஒரு கண்காணிப்பு அமைப்பை உட்காரவைத்தது. முதலில் ஆலோசனை சொல்லும் அமைப்பாக இருந்த அது, 2006 நவம்பரில் முழுக் கட்டுப்பாட்டு அமைப்பாக மாறியது. ஒப்பந்தமா, புது நியமனமா, அது ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிலை. 2009இல் மறுபடி ஆலோசனை நிலைக்கு இறங்கியது.

கடைசியில் விற்பனை வரியும் ஏறத்தான் செய்தது. 2005 நடுவில் கால் சதவீதம், 2006 தொடக்கத்தில் இன்னொரு அரை சதவீதம். இன்று ஈரி கவுன்டியில் பொருள் வாங்குபவர் கட்டும் 8.75 சதவீதத்தில் மாநிலத்துக்கு 4, மீதி 4.75 கவுன்டிக் கணக்கில் வருவது இதனால்தான். எந்த வரி உயர்வை வேண்டாம் என்றார்களோ அதன் முக்கால்வாசியைக் கட்டிக்கொண்டார்கள். நடுவில் நூலகங்களை இழந்தார்கள். 2004 டிசம்பரிலேயே அதே முக்கால் சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் எத்தனை கிளைகள் தப்பியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நல்லதும் ஒன்று நடந்தது. 2005இல் மாநிலம் கவுன்டிகளின் மெடிகெய்டு பங்கு ஏறும் வேகத்துக்கு வரம்பு போட்டது. 2012இல் எழுதிய சட்டம் அந்த ஏற்றத்தையே படிப்படியாகக் குறைத்து 2015இல் நிறுத்தியது. உண்மையான நோய்க்கு மருந்து அதுதான். ஆனால் அது வருவதற்குள் பத்து ஆண்டு போய்விட்டது.

பத்துப் பேருக்கு மட்டும்

2007 தேர்தலில் ஜெயித்து 2008இல் பதவிக்கு வந்தார் கிறிஸ் காலின்ஸ். தொழிலதிபர். கவுன்டியைக் கம்பெனி மாதிரி நடத்துவேன் என்றுதான் வாக்குக் கேட்டார். 'சிக்ஸ் சிக்மா' என்ற தொழிற்சாலை நிர்வாக முறையைக் கவுன்டி அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார். கணக்கு ஒழுங்கானது என்று அவருடைய எதிர்த்தரப்பிலும் சிலர் ஒப்புக்கொண்டார்கள்.

2010 அக்டோபரில் அவர் வைத்த 2011 பட்ஜெட்தான் இரண்டாவது சண்டை. நூலகத்துக்கு 40 லட்சம் டாலர் குறைப்பு. கலாசார மானியம் பத்துப் பெரிய அமைப்புகளுக்கு மட்டும். பஃபலோ மிருகக்காட்சி சாலை, பஃபலோ ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, ஆல்பிரைட்-நாக்ஸ் கலைக்கூடம் போன்றவை பட்டியலில் இருந்தன. சிறு நாடக அரங்குகள், அக்கம்பக்கக் கலை மையங்கள், சின்னஞ்சிறு அருங்காட்சியகங்கள் எல்லாம் வெளியே.

அவருடைய வாதம் முட்டாள்தனமானதல்ல. வெளியூர்க்காரர்களை ஈர்த்து ஊருக்கு வருமானம் தருவது பெரிய அமைப்புகள்தான், வரிப்பணம் அங்கே போகட்டும், சிறியவை ரசிகர்களிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்பது அது. ஆனால் சிறு அரங்குகளின் பக்கத்துக் கணக்கு வேறு. ஆண்டு பட்ஜெட் சில லட்சம் டாலர் உள்ள ஓர் அரங்குக்குக் கவுன்டி மானியம் தொகையாகச் சிறியதுதான். ஆனால் அது எதற்கும் செலவு செய்யலாம் என்ற சுதந்திரத்தோடு வரும் பணம். அறக்கட்டளைகள் புது நாடகத்துக்குத் தரும், புது திட்டத்துக்குத் தரும். ஹீட்டர் பில்லுக்குத் தருபவர் குறைவு. பஃபலோவின் ஜனவரிக் குளிரில் ஹீட்டர் பில் என்றால் என்ன என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். அதோடு, கவுன்டி ஒரு தொகை தருகிறது என்பதே மற்ற நன்கொடையாளர்களுக்கு ஒரு நம்பிக்கைச் சீட்டு.

சட்டமன்றம் சில தொகைகளை மறுபடி சேர்க்கப் பார்த்தது. இங்கே கவுன்டி சாசனத்தின் ஒரு நுணுக்கம் வேலை செய்தது. சட்டமன்றம் ஒரு செலவைக் குறைத்தால் நிர்வாகியால் தடுக்க முடியாது. ஒரு செலவைக் கூட்டினால் அந்தக் கூடுதலை மட்டும் அவர் வீட்டோ செய்யலாம், அதாவது ரத்து செய்யலாம், அதை மீறிப் போக மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆக, வெட்டுவதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், வெட்டியதை மீட்க அதிபெரும்பான்மை தேவை. கதவே ஒரு பக்கமாகத்தான் திறக்கும் வீட்டில், வெளியே தள்ளப்பட்டவர்கள் திரும்பி வருவது சுலபமா?

அந்த ஆண்டு சிறு அமைப்புகள் தங்களுக்குள் கைகோத்து வசூலில் இறங்கின. அரங்குகளின் முகப்பில் உண்டியல், நிகழ்ச்சிக்கு முன் மேடையேறி ஒரு வேண்டுகோள். அதைவிட முக்கியமாக, இதுவரை தனித்தனியாக கவுன்டி அலுவலகத்துக்குப் போய்வந்தவர்கள் ஒரே அணியாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். மேற்கு நியூயார்க்கின் கலை அமைப்புகளுக்காகப் பேசவும் உதவவும் ஒரு பொது அமைப்பு 2012இல் உருவானதற்கு இந்தச் சூடுதான் காரணம்.

கவுன்டியின் கணக்குத் தணிக்கையாளராக இருந்த மார்க் போலன்கார்ஸ் 2011 நவம்பர் தேர்தலில் காலின்ஸை எதிர்த்து நின்று ஜெயித்தார். நூலகமும் கலாசார மானியமும் அவருடைய பிரசாரத்தில் பெரிய இடம் பிடித்திருந்தன. ஒரு தேர்தலை நாடக மானியம் தீர்மானித்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் பட்ஜெட்டின் அரை சதவீதம் கூடத் தேறாத ஒரு கணக்கு, எதிராளிக்கு ஒரு தேர்தல் பேச்சையே கொடுத்துவிட்டது என்பது உண்மை. போலன்கார்ஸ் வந்தபின் சிறு அமைப்புகள் மீண்டும் பட்டியலில் ஏறின. விண்ணப்பம், குடிமக்கள் அடங்கிய ஆலோசனைக் குழுவின் பரிந்துரை, பிறகு நிர்வாகியின் முடிவு என்று முறையும் நிலைபெற்றது. முறை இருக்கிறதே தவிர, சட்டக் காவல் இன்னும் இல்லை. அடுத்த நிர்வாகி நினைத்தால் மறுபடியும் பத்து பேர் பட்டியல் போடலாம்.

பூட்டின் மறுபக்கம்

இப்போது கல்லூரிக்குத் திரும்புவோம். வெட்டு வரவில்லை, சரி. அப்புறம் என்ன ஆனது?

குறைக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரு பின்விளைவு உண்டு. இந்த ஆண்டு பத்து லட்சம் டாலர் கூட்டினால், நாளை கஷ்டம் வந்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது என்று கவுன்டி பயப்படுகிறது. அதனால் கூட்டுவதே இல்லை. இதற்குக் கீழே போகக்கூடாது என்று சட்டம் போட்ட கோடு, இதற்கு மேலே போக வேண்டாம் என்ற கோடாகவும் மாறிவிடுகிறது. 2010களில் கல்லூரிக்கான தொகை பல ஆண்டு அசையாமல் நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. சம்பளம், காப்பீடு, மின்சாரம் ஏறியதை மாணவர் கட்டணம் சுமந்தது.

அதே காலத்தில் மாநிலமும் பின்வாங்கியது. முழுநேர மாணவர் ஒருவருக்கு மாநிலம் தந்த அடிப்படை உதவி 2009-10இல் 2,675 டாலர். 2011-12இல் அது 2,122க்கு இறங்கியது. பழைய அளவைத் தாண்ட 2016-17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் ஏழு ஆண்டு விலைவாசியைக் கணக்கில் எடுக்காமல். மாநிலத்துக்குத் தடை விதி இல்லை என்பதைக் கவனியுங்கள். கவுன்டி குறைத்தால் தண்டனை, மாநிலம் குறைத்தால் அது பட்ஜெட் முடிவு. சட்டம் எழுதியவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

2012 முதல் சொத்து வரிக்கும் மாநிலம் வரம்பு போட்டது: ஆண்டு உயர்வு 2 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, எது குறைவோ அது. மீற வேண்டுமானால் கவுன்டி சட்டமன்றத்தில் 60 சதவீத ஆதரவு. கல்லூரிக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமே என்று நினைக்கும் உறுப்பினருக்கும் இடம் சுருங்கியது.

இதற்கு நடுவே இன்னொரு ஓட்டை. ஒரு மாணவர் வேறு கவுன்டியின் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்தால், அவருடைய சொந்தக் கவுன்டி அந்தக் கல்லூரிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். மாணவர் இருப்பிடச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும். ஈரி கவுன்டியின் வடக்குப் பகுதியிலிருந்து பக்கத்து நயாகரா கவுன்டிக் கல்லூரிக்குப் போவது பலருக்கு வசதி. அப்படிப் போகும் ஒவ்வொரு மாணவருக்கும் ஈரி கவுன்டி நயாகராவுக்குப் பணம் கட்டுகிறது. தன் கல்லூரிக்கு ஒரு டாலர் கூட்டத் தயங்கும் கவுன்டி, பக்கத்துக் கல்லூரிக்குக் கேள்வி கேட்காமல் கட்டுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: மன்ஹாட்டனில் இருக்கும் புகழ்பெற்ற ஃபேஷன் தொழில்நுட்ப நிலையம் சட்டப்படி ஒரு சமுதாயக் கல்லூரி. அங்கே படிக்கப் போகும் ஈரி மாணவருக்கும் பில் பஃபலோவுக்கே வரும்.

வடக்கு வளாகத்தில் சுமார் 3 கோடி டாலரில் ஓர் அறிவியல் கட்டடம் 2018இல் திறந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பாதிப் பணம் மாநிலத்துடையது. நகரத்து மக்கள் அந்தக் கட்டடம் பஃபலோவுக்கு நடுவில் வர வேண்டும், ஏழை மாணவர்களுக்குப் பஸ் வசதி அங்கேதான் என்று வாதாடினார்கள். ஆம்ஹர்ஸ்டில் கட்டினால் நயாகராவுக்குப் போகும் மாணவர்களைத் தடுத்து நிறுத்தலாம் என்பது மறுதரப்பின் கணக்கு. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. என் மனம் நகரத்துப் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் கார் வைத்திருக்கும் மாணவரைப் பிடித்துவைத்தால் கணக்குப் புத்தகத்தில் உடனே தெரியும், பஸ்ஸில் வரும் மாணவருக்கு வழி செய்தால் அது அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் தெரியாது. எது ஜெயிக்கும் என்பது முன்பே தெரிந்த கதை.

மாணவர் எண்ணிக்கை 2010 வாக்கில் உச்சத்தில் இருந்தது. வேலை கிடைக்காத காலத்தில் இந்தக் கல்லூரிகள் நிரம்பும், வேலை கிடைத்ததும் காலியாகும். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. மாநில உதவி மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால், ஆள் குறையக் குறைய மாநிலப் பணமும் கட்டணப் பணமும் சேர்ந்தே குறைந்தன. மூன்று வளாகங்களின் கூரையும் கொதிகலனும் பாதியாகவில்லை. 2022, 2023இல் கல்லூரி ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. கவுன்டி ஒரு டாலரும் வெட்டாமலே இது நடந்தது.

மாநிலம் 2022-23 முதல் அடிப்படை உதவியை முந்தைய ஆண்டு அளவுக்குக் குறையாமல் தருவதாக ஒரு தளம் போட்டது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து 25 முதல் 55 வயது வரையுள்ளவர்கள் ஆள் தேவைப்படும் துறைகளில் கட்டணமில்லாமல் படிக்கலாம் என்ற திட்டமும் வந்திருக்கிறது. மூன்று பங்கில் மாணவர் பங்கின் ஒரு பகுதியை இனி மாநிலம் ஏற்கும். கவுன்டியின் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் இதனால் எந்த மாற்றமும் இல்லை. மாணவர்கள் குறைந்திருப்பதால், தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் கவுன்டியின் பங்களிப்பு ஒன்றும் செய்யாமலே ஏறியிருக்கிறது. விதியின் எழுத்துப்படி கவுன்டி தன் கடமையைச் செய்துவிட்டது. அந்தத் தொகையைக் கூட்டலாமா என்ற கேள்வி ஒவ்வொரு கோடையிலும் சட்டமன்றத்தின் முன் வருகிறது. அந்த விசாரணைகளுக்கு வருகிறவர்கள் கல்லூரி நிர்வாகமும் சங்கத்தாரும்தான். டிசம்பரில் மைக் முன் நிற்கும் கலைக் கூட்டம் அப்போது ஊரில் எங்கோ நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்.